கேட்டவர் சொன்ன பேய்க் கதை: எப்படிக் கேட்பது, எப்படிக் குறித்து வைப்பது?

#1 பெரட்டுக்களம்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் பெரியவர்கள் சொல்வதைப் பதிவு செய்யும் வேலைக்காக இந்த இழை. பால் வெட்டு, கோயில் திருவிழா, கள்ளுக்கடை, ஜப்பான்காரன் காலம் எல்லாம் ஒழுங்காகப் பதிவாகிறது. பேய், முனி, மோகினி என்று வந்தால்தான் தகராறு. சிலர் மூட நம்பிக்கை என்று பதிவையே நிறுத்திவிடுகிறார்கள். சிலர் கேட்டதை நாலு மடங்கு ஊதி எழுதுகிறார்கள். இரண்டும் பதிவுக்கு உதவாது.

மாதிரிக்கு ஒன்று, பெயர்களை எடுத்துவிட்டு (எமர்ஜென்சி என்பது கம்யூனிஸ்டுகளை அடக்க 1948-இல் மலாயாவில் அறிவித்த அவசரகாலம்):

"எங்க தாய்மாமாவோட கூட்டாளி பார்த்தது. எமர்ஜென்சி முடிஞ்ச புதுசு. தீபாவளி ராத்திரி, நல்ல நிலா வெளிச்சம். பக்கத்துத் தோட்டத்துல நாடகம் பார்த்துட்டு சைக்கிள்ல வர்றாரு. ஆத்துப் பாலத்துக்கிட்ட வெள்ளைச் சேலையில ஒரு பொம்பள நின்னா. கையில வெளக்கு. கிட்ட வந்ததும் பாண்டான் எலை வாசம். அப்புறம் சைக்கிள் பின்னால கனமாயிடுச்சு. திரும்பிப் பார்க்காம வந்து சேர்ந்தாரு. மூணு நாள் காய்ச்சல். அந்த எடத்துல ஜப்பான்காரன் ஒரு பொம்பளைய வெட்டினானாம்."

சொன்னவருக்கு அறுபது தாண்டிவிட்டது. தாய்மாமாவும் கூட்டாளியும் இப்போது இல்லை. உண்மையா பொய்யா என்று இங்கே கேட்கவில்லை. எதைக் கேட்டு, எதை எழுதி, எதைச் சரிபார்த்து வைத்தால் பின்னால் எடுத்துப் பார்ப்பவருக்குப் பயன்படும்?

#2 காண்டாக்கம்பு

முதலில் கதை கைமாறிய வரிசை. பார்த்தவர், தாய்மாமா, மருமகன், பதிவு செய்தவர். நாலாவது கையில் நிற்கிறது. ஒவ்வொரு கைக்கும் மூன்று கேள்வி: எந்த வயதில் கேட்டார், எத்தனை தடவை கேட்டார், கேட்கும்போது உடன் யார் இருந்தார்கள். எட்டு வயதுப் பையன் படுக்கப் போகும்போது கேட்டதும் இருபது வயதில் கள்ளுக்கடை வாசலில் கேட்டதும் ஒரே கதையாக இருக்காது. பிள்ளைகளை ஆற்றுப் பக்கம் போகவிடாமல் தடுக்கச் சொன்னதா, பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதா என்பது இதிலேயே பாதி தெரிந்துவிடும்.

கேம்பிரிட்ஜ் உளவியலாளர் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட சோதனைகளில் ஒரு வட அமெரிக்கப் பழங்குடிக் கதை கைமாறிக்கொண்டே போகிறது. ஒருவர் படித்து நினைவிலிருந்து எழுதுவார். அவர் எழுதியதை அடுத்தவர் படிப்பார். கதை சுருங்கியது. பழக்கமில்லாத பகுதிகள் உதிர்ந்தன. காரணம் இல்லாத இடத்தில் காரணம் முளைத்தது. நமக்கு வேண்டியது இந்தக் கடைசி விஷயம். ஜப்பான்காரன் வெட்டியது ஒரு காரணம். அது பார்த்தவர் சொன்னதா, வழியில் ஒட்டிக்கொண்டதா?

சொன்னவர் வாயிலேயே ஒரு தடயம் இருக்கிறது, கவனியுங்கள். "நின்னா" என்கிறார், "வெட்டினானாம்" என்கிறார். கூட்டாளி சொன்னது எது, ஊர்ப் பேச்சு எது என்று அவரே பிரித்துவிட்டார். எழுத்தில் போடும்போது அழகுபடுத்துகிறேன் என்று அந்த "ஆம்"-ஐ வெட்டிவிடாதீர்கள்.

பிறகு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் கண்ணுக்கும் மூக்குக்கும் காதுக்கும் பட்டது: வெள்ளையாக, ஆள் உயரம், ஒரு வெளிச்சம், ஒரு வாசம், மிதிக்கக் கனம். வலப்பக்கம் அதற்குக் கொடுத்த பொருள்: பெண், சேலை, பேய், பின்னால் ஏறிக்கொண்டது. இடப்பக்கம் எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும். அது போதும்.

#3 லயத்துமூலை

கேட்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம். முதல் சுற்றில் குறுக்கே பேசவே கூடாது. முடித்த பிறகும் சற்று நேரம் சும்மா இருங்கள். நல்ல விவரம் அந்த இடைவெளியில்தான் வரும். இரண்டாவது சுற்றில் இடத்தைக் கேளுங்கள்: பாதை எந்தப் பக்கம் வளையும், பாலம் மரமா சிமெண்டா, எந்தக் கரையில் நின்றது. ஒரு தாளில் வரையச் சொன்னால் இன்னும் நல்லது. மூன்றாவது சுற்றில் பின்னாலிருந்து முன்னால்: வீட்டுக்குள் வந்தார், அதற்கு முன்னே என்ன, அதற்கு முன்னே என்ன. பழகிப்போன கதை இந்த வரிசையில் தடுமாறும். தடுமாறினால் பொய் என்று அர்த்தமில்லை. நினைவாக இல்லாமல் மனப்பாடமாக இருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

வார்த்தையை நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. லாஃப்டஸும் பாமரும் 1974-இல் செய்த சோதனையில் ஒரே கார் விபத்துக் காட்சியைப் பார்த்தவர்களிடம் கேள்வியின் வினைச்சொல்லை மட்டும் மாற்றினார்கள். "மோதி நொறுங்கியபோது" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் ஒரு வாரம் கழித்து உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். "இடித்தபோது" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர். காட்சியில் கண்ணாடியே உடையவில்லை.

நம் ஊரில் இதற்குச் சமமான கேள்வி "கால் தரையில பட்டுச்சா?" என்பது. எதிர்பார்க்கும் பதில் என்னவென்று கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். அதற்குப் பதில் "கீழ்ப்பக்கம் எப்படி இருந்ததுன்னு மாமா சொன்னாரு?" என்று கேளுங்கள். சொல்லவில்லை என்று பதில் வந்தால் அதையும் எழுதுங்கள்.

#4 மணிச்சத்தம்

யாரும் நிலாவைப் பார்க்கவில்லையா? தீபாவளி ராத்திரி நிலா வெளிச்சமா?

தீபாவளி தேய்பிறைச் சதுர்த்தசி, அமாவாசையை ஒட்டி வருவது. அந்த இரவில் நிலா கிடையாது. இருந்தாலும் விடியும் நேரத்தில் மெல்லிய கீற்று. ஆகவே பண்டிகை தவறு, இல்லை என்றால் நிலா பிறகு சேர்ந்தது. நாடகம் என்பதை வைத்துப் பார்த்தால் கோயில் திருவிழாவாக இருக்க வாய்ப்பு அதிகம். பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமி, தைப்பூசம் மூன்றுமே முழு நிலாவை ஒட்டியவை. ஹரி ராயா என்றால் பிறை, மாலையிலேயே மறைந்துவிடும். ஹாஜிப் பெருநாள் பத்தாம் பிறை, நள்ளிரவு தாண்டி ஒன்றரை, இரண்டு மணிவாக்கில் இறங்கும். சீனர்களின் ஏழாம் மாதப் படையல் பௌர்ணமி. பண்டிகைப் பெயர் கிடைத்தால் நிலாவைச் சொல்லிவிடலாம். ஆண்டும் கிடைத்தால் பஞ்சாங்கம் வைத்து நாளையே பிடிக்கலாம்.

கடிகாரமும் ஏமாற்றும். தீபகற்பத்தில் 1982 ஜனவரி 1 முதல் நேரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். இப்போது இங்கே சூரியன் ஏறக்குறைய 7.00 முதல் 7.30-க்குள் உதிக்கிறது. அதற்கு முன்பு அதே விடியல் கடிகாரத்தில் 6.30 முதல் 7.00. "காலை ஆறரை, நல்லா வெளுத்துடுச்சு, அப்பத்தான் அது மறைஞ்சுது" என்று ஒரு பழைய கதை வந்தால் பொருந்தும். இன்றைய கணக்கில் பார்த்து அது இருட்டாச்சே என்று தள்ளிவிடாதீர்கள். ஜப்பான் காலத்தில், 1942 பிப்ரவரியிலிருந்து 1945 செப்டம்பர் வரை, தோக்கியோ நேரம் ஓடியது. அந்தக் கடிகாரத்தில் காலை எட்டு மணி வரைக்கும் விடியாது. அந்தக் காலத்துக் கதையில் மணி சொன்னால் யாருடைய கடிகாரம் என்று கேட்க வேண்டும்.

"எமர்ஜென்சி முடிஞ்ச புதுசு" என்பதையும் 1960 என்று எழுதிவிடாதீர்கள். சட்டப்படி முடிந்தது 1960 ஜூலை 31. ஆனால் 1953-இலிருந்தே இடம் இடமாக வெள்ளைப் பகுதி என்று அறிவித்து ஊரடங்கைத் தளர்த்தினார்கள். ஊரடங்கு போனதைத்தான் பலர் முடிந்தது என்பார்கள். 1948 ஜூன் 16-இல் மூன்று துரைமார் (வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள்) சுட்டுக்கொல்லப்பட்ட வட்டாரம் இது; அவசரகாலம் தொடங்கியதே அதை வைத்துத்தான். இங்கே ராத்திரியில் சைக்கிளில் தனியாக வர முடிந்தது எப்போது என்பதுதான் சரியான கேள்வி.

#5 செம்பனைமுள்

இடப்பக்கப் பட்டியலுக்குத் தோட்டத்தில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கலாம்.

பாண்டான் வாசம்: மரநாய். மலாய்க்காரர்கள் மூசாங் பாண்டான் என்பார்கள். வால் அடியில் உள்ள சுரப்பியிலிருந்து வரும் வாசம் பாண்டான் இலை மாதிரியே இருக்கும். ராத்திரியில் நடமாடும், பழம் தின்னும், கித்தா (ரப்பர்) காட்டிலும் இருக்கும், செம்பனையிலும் (எண்ணெய்ப் பனை) இருக்கும். மல்லிகை மாதிரிக் கனமான வாசம் என்றால் ஏழிலைப்பாலை பூத்திருந்ததா என்று கேட்கவும்.

வெளிச்சம்: ஆற்றோரம் என்பதால் தவளை பிடிப்பவர், மீன் பிடிப்பவர். அந்தக் காலத்தில் கார்பைடு விளக்கு: மேல் தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டி, கீழே கார்பைடில் பட்டு, அசெட்டிலின் வாயு எரியும். வெள்ளை வெளிச்சம். பூண்டு மாதிரி ஒரு நாற்றம் வரும். இருட்டில் ஒற்றைப் புள்ளி வெளிச்சத்தை உற்றுப் பார்த்தால், அது அசையாவிட்டாலும் மிதப்பது போலத் தெரியும். பக்கத்தில் ஒப்பிட மரமோ தூணோ தெரியாததுதான் காரணம்.

சைக்கிள் கனம்: அப்போது டைனமோ விளக்கு. டயரில் உரசி ஓடும், மிதிக்கக் கனக்கும். வேகம் குறைந்தால் வெளிச்சம் மங்கும், நின்றால் அணையும். "பாலத்துக்கிட்ட வந்ததும் வெளக்கு தானா அணைஞ்சுது" என்ற கதைகளில் பாதி இதுதான். பாலத்துக்கு ஏறும் மேடும் சேர்ந்துகொள்ளும்.

அலறல்: கூகை, வெள்ளை முகம், சத்தமில்லாமல் பறக்கும், கூச்சல் மட்டும் ஆளைக் கொல்லும். எலியைக் கட்டுப்படுத்த 1980-களிலிருந்து செம்பனைத் தோட்டங்களில் கம்பம் நட்டுப் பெட்டி வைத்து வளர்க்கிறார்கள். ஒரு கதையில் வெள்ளை உருவமும் அலறலும் சேர்ந்து வந்தால் முதலில் பெட்டி எங்கே என்று கேட்க வேண்டும். கோடாலியால் கட்டையைத் தட்டுவது போல ஒரே சீராக டொக் டொக் என்றால் பக்கிப் பறவை. தோட்டச் சாலையிலேயே உட்கார்ந்திருக்கும், விளக்குப் பட்டால் கண் சிவப்பாக மின்னும்.

பச்சை வெளிச்சம் தரையோடு ஒட்டி, அசையாமல்: மட்கிய கட்டையில் ஒளிர் காளான். மழைக்குப் பின்.

#6 கேள்விப்பட்டவன்

அண்ணே, பட்டியல் நல்லா இருக்கு. ஆனா ஒரே ராத்திரியில மரநாயும் வந்து, தவளை பிடிக்கிறவனும் வந்து, டைனமோவும் உரசி, காய்ச்சலும் வரணும்னா அது பேயைவிடப் பெரிய அதிசயம். தனித்தனியா ஒவ்வொண்ணும் சரி. சேர்த்து வச்சா சந்தேகம் நம்ம பக்கம் திரும்புது.

எளிய வழி இருக்கு. எல்லா விவரமும் பார்த்தவர்கிட்ட இருந்து வந்துச்சுன்னு யார் சொன்னது? வெள்ளைச் சேலை, வாசம், பின்னால கனம், திரும்பிப் பார்க்காதது, காய்ச்சல், அநியாயமா செத்தவ. இது மலாய்க்காரங்க பொந்தியானாக் கதையிலயும் நம்ம மோகினிக் கதையிலயும் ஏற்கெனவே இருக்கிற சட்டை. யார் போட்டாலும் பொருந்தும். காராக் நெடுஞ்சாலை மஞ்சள் வோக்ஸ்வேகன் கதையைப் பாருங்க: ஓட்ட ஆளில்லாத கார், முந்தினா மறுபடி முன்னால நிக்கும். எல்லாரும் யாரோ ஒருத்தர் பார்த்ததாத்தான் சொல்றாங்க.

அதனால விளக்கம் தேடறதுக்கு முன்னால, சட்டையில இல்லாத விவரம் எதுன்னு பாருங்க. யாரும் வேணும்னு சேர்க்காத, கதைக்குத் தேவையே இல்லாத விவரம். இங்க அது வெளக்கு. மோகினி கையில யாரும் வெளக்கு கொடுக்கறதில்ல. நான் நம்பறதா இருந்தா அந்த ஒண்ணை நம்புவேன்.

#7 செம்பனைமுள்

தம்பி சொல்வது நியாயம். அதே கத்தியை விளக்கங்களுக்கும் வைக்க வேண்டும். கூரையில் கல் விழுந்தது என்றால் உடனே கித்தாக் கொட்டை வெடித்தது என்கிறார்கள். காய் உலர்ந்து வெடிப்பது வெயில் நேரத்தில். கொட்டை 15 மீட்டருக்கு மேலும் தெறிக்கும், தகரத்தில் பட்டால் கல் மாதிரிதான். மத்தியானக் கதைக்கு அது சரி, நடுராத்திரிக் கதைக்குப் பொருந்தாது.

ராத்திரிக்குத் தகரத்தையே பாருங்கள். இரும்புத் தகரம் ஒரு டிகிரி சூட்டுக்கு, ஒரு மீட்டருக்கு 0.012 மில்லிமீட்டர் நீளும். 6 மீட்டர்த் தகடு பகலில் 60 டிகிரி, இரவில் 25 டிகிரி என்றால் ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் சுருங்க வேண்டும். ஆணி பிடித்து வைத்திருக்கும். தாங்காதபோது ஒரே இழுப்பாக நழுவும், டமார். பொழுது சாய்ந்து சில மணி நேரத்துக்குள்ளும், திடீர் மழை தொடங்கும்போதும் அதிகம். ஆகவே கேட்க வேண்டியது: அன்று பகல் வெயிலா, சத்தம் எத்தனை மணிக்கு, காலையில் கூரைமேலோ வாசலிலோ ஏதாவது கிடந்ததா. கல் கிடந்தது என்றால் தகரக் கணக்கை மடித்து வைத்துவிட்டு எந்த வீட்டுப் பையன்கள் என்று விசாரிக்கலாம்.

#8 மூனாநம்பர்லயம்

ஒரு சந்தேகம். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே மாதிரிச் சொன்னால் அதற்கு மதிப்பு அதிகம் இல்லையா?

#9 காண்டாக்கம்பு

அவர்கள் பேசிக்கொள்ளாமல் இருந்தால் மட்டும். பழைய லயத்து வீடுகளில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாத இடங்கள் நிறைய. இந்த வீட்டில் இருமினால் நாலாவது வீட்டில் கேட்கும். விடியற்காலை பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் எண்ணும் கூட்டம்) எல்லாரும் கூடுவதற்குள் ஒரு கதையாகிவிடும். பத்துப் பேர் சொன்னாலும் அதை ஒரு சாட்சியாகத்தான் எண்ண வேண்டும்.

பள்ளிக்கூடத்திலோ தொழிற்சாலையிலோ பலருக்கு ஒரே நேரத்தில் நடந்தது என்றால் கேள்வி வேறு. கிளந்தானில் பெங்காலான் செப்பாவில் 2016 ஏப்ரலில் ஒரு இடைநிலைப்பள்ளியில் மாணவிகளும் ஆசிரியர்களும் கறுப்பு உருவம் பார்த்ததாகச் சொல்லிப் பள்ளியை மூடினார்கள். அந்த மாதிரிக் கதையில் முதலில் விழுந்தது யார், அடுத்தவர் எத்தனை நிமிடம் கழித்து, ஒருவரை ஒருவர் பார்க்கும்படி உட்கார்ந்திருந்தார்களா, அந்த வாரம் தேர்வு இருந்ததா என்று வரைபடம் போட வேண்டும். பரவல் பெரும்பாலும் பார்வைக்கும் சிநேகிதத்துக்கும் உட்பட்டே போகும்.

#10 டிரெசர்வீட்டுப்படி

பழைய கதை என்றால் நிதானமாகப் பேசலாம். இப்போது உயிரோடு இருப்பவரைப் பற்றிய கதை என்றால் வரிசையே வேறு, தயவுசெய்து இதைத் தனியாக எழுதி வையுங்கள்.

"ராத்திரி நெஞ்சில ஏறி உட்கார்ந்துச்சு, கத்த முடியல" என்பது பெரும்பாலும் அமுக்குவான், மலாய்க்காரர்கள் தின்டே என்பது. கனவு காணும் தூக்கத்தில் உடல் தசைகள் தளர்ந்து கிடக்கும். மூளை விழித்தும் தசை விழிக்காத இடைவெளி அது. நூறு பேரில் ஏழெட்டுப் பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வரும். மல்லாந்து படுப்பதும் தூக்கம் கெடுவதும் ஷிப்ட் வேலையும் கூட்டும். சில விநாடியில் இருந்து சில நிமிடத்துக்குள் தானாகவே போய்விடும். கைமாறும்போது படுக்கை காணாமல் போய் "வீட்டுக்குள்ள ஒரு பொம்பள வந்தா" என்று மட்டும் மிஞ்சும். அதனால் எங்கே, எந்த நிலையில் இருந்தார் என்று கேட்டே ஆக வேண்டும்.

இதோடு குழப்பக் கூடாத ஒன்று கட்டுவிரியன் வகைப் பாம்பு. தூங்கும்போது கடிக்கும், வலி பெரிதாகத் தெரியாது, பல் தடமும் சரியாகத் தெரியாது. இமை தொங்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, நேரம் ஆக ஆகக் கூடும். அமுக்குவான் குறையும், இது கூடும். கூடினால் மந்திரிக்கப் போகாமல் 999.

அதேபோல் காய்ச்சலோடு பிதற்றல், கழுத்து விறைப்பு, வலிப்பு, முன்பு இல்லாத குரல் கேட்பது. "பேய் பிடிச்சிருக்கு" என்று யாராவது சொன்னதாகக் கேட்டால் எத்தனை நாளாக, காய்ச்சல் உண்டா, சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்ற நாலு கேள்வி முதலில். பூசை செய்வதை யாரும் தடுக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து செய்யட்டும். சண்டை போட்டால் இரண்டாவது தடவை நம்மிடம் சொல்லவே மாட்டார்கள்.

#11 மூனாநம்பர்லயம்

வாட்ஸ்அப்பில் வரும் படங்களை என்ன செய்வது? தோட்டக் கோயில் கேமராவில் வெள்ளையாகப் போகிறது என்று ஒன்று சுற்றுகிறது.

#12 லயத்துமூலை

வாட்ஸ்அப் படத்தில் எடுத்த நாள், கருவி விவரம் எல்லாம் கழன்றுவிடும். எடுத்தவரைக் கண்டுபிடித்து அசல் கோப்பை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் "மூலம் இல்லை" என்று எழுதி நிறுத்திக்கொள்ளலாம். இரவுக் கேமராவில் லென்ஸைச் சுற்றி அகச்சிவப்பு விளக்கு எரியும். பூச்சி அந்த வெளிச்சத்துக்கு வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். லென்ஸிலிருந்து நாலு விரல் தூரத்தில் ஒரு நூல் ஆடினால் வாசல் முழுக்க வெள்ளையாக ஏதோ நடந்து போகும். கேமராவைத் துடைத்துவிட்டு மறுநாளும் பார்க்கச் சொல்லவும். வட்ட வட்டமாக ஒளி என்றால் ஃப்ளாஷ் பட்ட தூசு, மழைத்துளி. அதற்கு மேல் அதில் நேரம் செலவழிக்க ஒன்றுமில்லை.

#13 காண்டாக்கம்பு

இன்னொன்று சொல்ல மறந்தால் வம்பு வரும். முனீஸ்வரன், மதுரை வீரன், சங்கிலிக் கருப்பன் நடமாட்டத்தைப் பேய் என்ற தலைப்பில் போட்டுவிடாதீர்கள். சலங்கைச் சத்தம், சுருட்டு வாசம், குதிரைக் குளம்படி எல்லாம் அந்தக் குடும்பத்துக்குக் காவல் சுற்றும் சாமி. சீனர்கள் கும்பிடும் காவல் தெய்வம் தாத்தோ கோங் கதைக்கும் இதுதான். சொன்னவர் என்ன பெயர் சொன்னாரோ அதுவே தலைப்பு. எதிர்வார்த்தையாக "அது என்னன்னு அவங்க சொன்னாங்க?" என்று மட்டும் கேளுங்கள்.

#14 பெரட்டுக்களம்

எல்லாருக்கும் நன்றி. மேலே உள்ளதை வைத்து இந்தக் கதைக்கான பதிவு அட்டையை இப்படி மாற்றுகிறேன்:

கைமாறியது: பார்த்தவர், தாய்மாமா, மருமகன் (நம்மிடம் சொன்னவர்), பதிவு செய்தவர். கேட்ட வயது விசாரிக்க வேண்டும்.
புலனுக்குப் பட்டது: பாலத்தருகே வெள்ளை உருவம், வெளிச்சம், பாண்டான் வாசம், சைக்கிள் மிதிக்கக் கனம்.
ஊர்ப் பேச்சு: ஜப்பான்காரன் வெட்டியது.
காலம்: 1953-க்கும் 1960-களின் தொடக்கத்துக்கும் இடையில். தீபாவளியும் நிலாவும் ஒன்றுக்கொன்று முரண்.
பொதுச் சட்டையில் இல்லாத விவரம்: கையில் விளக்கு.
சொன்னவர் வைத்த பெயர்: பொம்பள. பேய் என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

கடைசியில் "முடிவு" என்று ஒரு கட்டம் வைக்கலாமா?

#15 கேள்விப்பட்டவன்

வேணாம்ணே. கட்டம் வச்சா எவனாவது நிரப்பிடுவான். அதுக்குப் பதில் "அடுத்து யாரைக் கேட்கணும்"னு வைங்க.

#16 மணிச்சத்தம்

அந்தக் கட்டத்தில் முதல் பெயராக நாடகம் போட்ட கோயிலை எழுதுங்கள். பழைய திருவிழா நோட்டீஸ் யாராவது பெட்டியில் வைத்திருப்பார்கள். தேதியும் நாடகம் தொடங்கும் மணியும் அச்சில் இருக்கும். இரண்டாவதாக, பாலம் மரத்திலிருந்து சிமெண்டானது எந்த ஆண்டு என்று தோட்டத்தில் வேலை பார்த்த பழைய கிராணிகளை (கணக்கு எழுதுபவர்கள்) கேளுங்கள். மருமகன் வரைந்த படத்தில் எந்தப் பாலம் இருக்கிறது என்று பார்த்தால், அவர் தாய்மாமா சொன்ன இடத்தை வரைந்தாரா, தான் வளர்ந்தபோது பார்த்த இடத்தை வரைந்தாரா என்பது தெரிந்துவிடும்.